ஊசியா? ஊதியமா?

மாந்தனுக்கு உடைமை என்று சொல்லத் தக்கவை பல. நிலமுடையார் உளர், வீடுடையார் உளர், பொன்னும் பொருளும் உடையார் உளர். இவற்றுள் ஒன்றுமே இல்லாத ஏழைக்கும் எஞ்சி நிற்கும் உடைமை ஒன்றுண்டு. அஃது அவன் உடல். காலையில் ஆலை வாயிலுள் நுழையும் உழைப்பாளன் எட்டு மணி நேர உழைப்பை விற்கின்றானேயன்றி, உழைக்கின்ற உடலையே விற்றுவிடுவதில்லை. உழைப்பை வாங்கியவன் உடலையும் சேர்த்து வாங்கிவிட்டதாக எண்ணிய காலத்திற்கு அடிமைக் காலம் என்று பெயர். அக்காலம் கடந்து போயிற்று என்று எல்லா நாட்டுச் சட்டங்களும் எழுதி வைத்துள்ளன.

ஆயினும், கொள்ளைநோய் ஒன்று புகுந்து, அச்சம் நாட்டை ஆளத் தொடங்கியவுடன், உழைப்புக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அக்கோடு மங்கத் தொடங்கிவிடுகின்றது. கொரோனா என்னும் மகுடைத் தொற்று உலகை வாட்டிய 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இது கண்கூடாயிற்று. ‘ஊசி போட்டுக்கொண்டாயா? சான்றிதழைக் காட்டு; இல்லையேல் நாளை முதல் வேலைக்கு வராதே’ என்னும் குரல் ஆலை வாயில்களிலும் அலுவலக வாயில்களிலும் எழுந்தது. அவ்வாறு கேட்டவர்களுள் பெரும்பாலார் கொடியவர் அல்லர், அஞ்சியவர்கள். கேட்கப்பெற்றவர்களுள் பெரும்பாலாரும் அறிவிலிகள் அல்லர், அவர்களும் அஞ்சியவர்களே. ஒருவன் நோய்க்கு அஞ்சினான். மற்றொருவன் ஊசிக்கு அஞ்சினான். இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையில் முறை எது என்று நடுநின்று உரைக்க வேண்டிய பொறுப்பு அரசினுடையது. அப்பொறுப்பை அரசுகள் எங்ஙனம் ஆற்றின என்பதே இங்கு ஆராயத் தக்கது.

தடுப்பூசி பகையன்று

முதற்கண் ஓர் உண்மையை ஐயந்திரிபற உரைத்துவிடல் வேண்டும். தடுப்பூசி மாந்தக் குலத்தின் பகையன்று, அதன் பெருந்துணை. எத்தனையோ தலைமுறைகளாக ஊர் ஊராக மாந்தரை அள்ளிச் சென்றும், எஞ்சியவரின் கண்ணையும் முகத்தையும் சிதைத்தும் வந்த பெரியம்மை, 1975-ஆம் ஆண்டு மே திங்களுக்குப் பின் இந்தியாவில் தோன்றவில்லை. 1980-இல் அஃது உலகினின்றே ஒழிந்தது என்று உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. அப்பெரும்பணியில் சென்னைக்கும் பங்குண்டு. 1899-இல் தொடங்கப்பெற்ற கிண்டி கிங் நிலையம் அம்மைப்பால் செய்து தந்த நிலையமாகும். இளம்பிள்ளை வாதத்தை எடுத்துக்கொள்ளினும், 2011-ஆம் ஆண்டு சனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கைக் கிருமியால் ஒரு குழந்தைக்கும் அந்நோய் வந்ததில்லை. இவையெல்லாம் ஊசியாலும் சொட்டு மருந்தாலும் கிடைத்த வெற்றிகள். கொரோனாத் தடுப்பூசியும் முதியோரையும் நோயுற்றோரையும் சாவினின்று பெருமளவு காத்தது என்பது ஆய்வுகளால் தெளிவுற்ற செய்தி.

ஆகவே, தடுப்பூசி நல்லதா தீயதா என்பதன்று இங்கு எழுப்பப்பெறும் வினா. நல்லது ஒன்றனை ஒருவன் உடலுக்குள் செலுத்தும் அதிகாரம் அவனுக்கு ஊதியம் தருகின்றவனுக்கு எப்பொழுது உண்டு, எப்பொழுது இல்லை என்பதே வினா. சோறு நல்லதே, அதற்காக ஒருவன் வாயைப் பிளந்து சோற்றைத் திணிக்கும் உரிமை பிறனுக்கு வந்துவிடுவதில்லை. மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்று வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து மருந்து தருவோன் என்னும் அந்நான்கனுள் நோயுற்றவனையே முதலில் நிறுத்தினார். அந்நான்கனுள் வேலை தருவோனுக்கு இடமில்லை என்பதும் எண்ணத் தக்கது.

பழைய வரலாறு தரும் பாடங்கள்

கட்டாயத்தின் வரலாறு நெடியது. பிரித்தானியாவில் 1853-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. குத்த மறுத்த பெற்றோர்க்குத் தண்டத்தொகை விதிக்கப்பெற்றது. கட்டாதார் சிறை சென்றனர். தண்டத்தொகை செல்வனுக்குக் கைச்செலவு. ஏழைத் தறியாளனுக்கோ வீட்டுத் தட்டுமுட்டுகளின் ஏலம். இதனால் வெகுண்டெழுந்த மக்கள் 1885-இல் இலெய்செத்தர் நகரில் பல்லாயிரவராய்த் திரண்டு ஊர்வலம் நடத்தினர். இறுதியில், 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில், மனச்சான்று ஒப்பாதவர்க்கு விலக்குத் தர அவ்வரசு இணங்க வேண்டியதாயிற்று. அவ்விலெய்செத்தர் நகரமே நோயைத் தடுக்க வேறொரு வழியும் கண்டது. நோய் கண்டால் உடனே அறிவித்தல், நோயுற்றாரைத் தனியே வைத்தல், அவரொடு பழகியவரையும் ஒதுக்கி வைத்தல் என்பன அவ்வழியின் கூறுகள். ஒதுக்கி வைக்கப்பெற்றவர் இழந்த கூலிக்கு ஈடு தருதலும் அவற்றுள் ஒன்று. பொதுநலத்திற்காக ஒருவனை வேலையினின்று நிறுத்தினால், அவன் வயிற்றுக்குப் பொதுப்பணமே விடை சொல்ல வேண்டும் என்பதை அந்நகரத்தார் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

இந்நாட்டு வரலாறு இன்னும் கசப்பானது. 1896-இல் மும்பையில் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் தோன்றியது. 1897-இல் ஆங்கிலவரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டம் அரசின் அதிகாரங்களை விரித்ததேயன்றி, மக்களின் உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. புனே நகரில் படைவீரர் வீடு வீடாகப் புகுந்து பெண்டிரையும் ஆய்ந்தனர். அச்சினமே அவ்வாண்டில் அதிகாரி இராண்டின் உயிரைக் குடித்தது. அதே மும்பையில் மருத்துவ அறிஞர் ஆப்கின் பிளேக்குக்கு ஊசி மருந்து கண்டு, 1897 சனவரியில் அதனைத் தம் உடலிலேயே முதலில் ஏற்றிக்கொண்டு காட்டினார். படைவீரன் அச்சத்தால் பணிய வைக்க முயன்றான். அறிஞரோ தம்மையே சான்றாக்கி நம்பிக்கை ஊட்டினார். எது மருத்துவத்தின் வழி என்பதை இவ்விரு காட்சிகளும் காட்டும்.

ஆயினும் நம்பிக்கை எளிதில் உடையும் கலம். 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் என்னும் ஊரில் அவ்வூசி போடப்பெற்றவருள் பத்தொன்பதின்மர் இழுப்பு நோயால் மாண்டனர். பழி ஆப்கின் மீது சுமத்தப்பெற்றது. ஊசி போட்ட இடத்தில் நேர்ந்த தூய்மைக் குறைவே கரணியம் என்று தெளிந்து அவர் பழி நீங்க 1907 வரை ஆயிற்று. ஊசி நல்லதாகவே இருப்பினும், அதனைப் போடும் கை, சேமிக்கும் கலம், செலுத்தும் விரைவு ஆகியவற்றுள் பிழை நேரலாம் என்பதையும், பிழை நேர்ந்தால் பொறுப்பார் எவர் என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும் என்பதையும் இந்நிகழ்ச்சி கற்பிக்கின்றது.

சமையற்காரியின் கதை

வேலை உரிமையும் பொதுநலமும் மோதிய கதைகளுள் எல்லாரும் அறிய வேண்டியது மேரி மல்லோன் என்னும் ஏழைப் பெண்ணின் கதை. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து நியூயார்க்கு நகரச் செல்வர் வீடுகளில் சமையற்பணி செய்தவள் அவள். அவளுக்கு நோய் இல்லை. ஆனால் குடற்காய்ச்சலின் நுண்மி அவள் உடலில் குடியிருந்தது. அவள் சமைத்த வீடுகளில் நோய் தோன்றியது. 1907-இல் அவளைப் பிடித்துத் தீவு ஒன்றிலிருந்த மருத்துவ விடுதியில் அடைத்தனர். 1910-இல், இனிச் சமையற்பணி செய்வதில்லை என்னும் உறுதிமொழியின்மேல் விடுவித்தனர். சலவைப் பணி கிடைத்தது. சமையற்பணியில் வந்த ஊதியம் அதில் வரவில்லை. சில ஆண்டுகளில் அவள் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்கே சென்றாள். 1915-இல் அவள் சமைத்த மகப்பேற்று மருத்துவமனையில் இருபத்தைவர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். மீண்டும் தீவில் அடைக்கப்பெற்ற அவள் 1938-இல் இறக்கும்வரை இருபத்து மூன்று ஆண்டுகள் வெளிவரவே இல்லை.

இக்கதையில் மேரியின் பிழை உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. மகப்பேற்று மனையில் மாண்டவர்க்கும் உயிர் உண்டு. அவர்க்கும் உரிமை உண்டு. ஆனால் அரசின் பிழையும் இதில் உண்டு. ‘உன் தொழிலை விடு’ என்று கட்டளையிட எளிதாயிருந்தது; விட்ட தொழிலுக்கு ஈடான ஊதியம் தருதல் கடினமாயிருந்தது. அவ்வூதிய வேறுபாட்டைப் பொதுப்பணத்தினின்று நிரப்பியிருந்தால், அவள் அடுப்படிக்குத் திரும்பாமலே இருந்திருக்கலாம். ஏழையிடம் அரசு மிச்சம் பிடித்த சில தாலர்களுக்கு விலையாக இருபத்தைவர் நோயுற்றனர் என்று சொன்னால் அது மிகையாகாது. பிழைப்பை அறுக்கும் கட்டளை, மறைந்து வாழும் நோயாளியைத்தான் படைக்கும்.

ஐந்து தாலரும் எட்டுக் கோடி உழைப்பாளரும்

கட்டாயத்தை ஞாயப்படுத்துவோர் எடுத்துக்காட்டும் முதல் தீர்ப்பு அமெரிக்க உச்ச வழக்குமன்றம் 1905-இல் வழங்கியது. மாசச்சூசட்டு மாநிலத்துக் கேம்பிரிட்சு நகரில் பெரியம்மை பரவியபொழுது, அம்மை குத்திக்கொள்ள மறுத்த சேக்கப்சன் என்னும் சமயப் போதகர்க்குத் தண்டம் விதிக்கப்பெற்றது. அத்தண்டம் முறையே என்று மன்றம் முடிவு கூறிற்று. இதனை எடுத்துக்காட்டுவோர் இரண்டு செய்திகளைச் சொல்லாது விடுகின்றனர். ஒன்று, அக்கட்டாயம் மக்கள் தேர்ந்த சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் வழி வந்தது. ஒரு முதலாளியின் சுற்றறிக்கையால் வந்ததன்று. மற்றொன்று, மறுத்தவர்க்கு விதித்த ஒறுப்பு ஐந்தே தாலர். அவர் பணி பறிக்கப்படவில்லை. அவர் பிள்ளைகளின் உணவு பறிக்கப்படவில்லை. ஐந்து தாலர்த் தண்டத்தை ஒப்பிய தீர்ப்பைக் காட்டி, வாழ்நாள் பிழைப்பைப் பறிக்க முனைவது முறையாகாது.

அதே நாட்டில் 2021 நவம்பரில் பணியிடக் காப்பு நடுவம் ஒரு விதியை அறிவித்தது. நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அன்றேல் கிழமைதோறும் தொற்றாய்வு செய்து, மூக்கும் வாயும் மூடிப் பணி செய்ய வேண்டும் என்பது அவ்விதி. அவ்விதிக்குள் அடங்கியவர் ஏறத்தாழ எட்டுக் கோடியே நாற்பது இலக்கம் உழைப்பாளர். ஊசி போடுதற்கு ஊதியத்தோடு கூடிய நேரம் தர வேண்டும் என்று அவ்விதி சொன்னது; அது நன்று. ஆனால் கிழமைதோறும் செய்யும் ஆய்வின் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. விருப்பம் என்னும் கதவைத் திறந்து வைத்து, அதன் வாயிலில் சுங்கச் சாவடி அமைத்தது போன்றதாயிற்று இது.

2022 சனவரி 13-ஆம் நாள் உச்ச வழக்குமன்றம் அவ்விதியை நிறுத்தி வைத்தது. நடுவருள் அறுவர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். பணியிடத்துக்கே உரிய இடர்களைத் தடுக்க ஏற்பட்ட நடுவம், வீட்டிலும் கடையிலும் தெருவிலும் உள்ள பொது இடரை முன்னிட்டுக் கோடிக் கணக்கானோர் உடலை ஆளச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்பது அறுவர் கருத்து. அதே நாளில் அம்மன்றமே, மருத்துவமனைப் பணியாளர்க்கு விதித்த கட்டாயத்தை ஐவர்க்கு நால்வர் என்னும் அளவில் ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளியைத் தொடும் கை வேறு. கிடங்கில் பெட்டி அடுக்கும் கை வேறு. இரண்டனையும் ஒரே கயிற்றால் கட்டுதல் முறையன்று.

இங்கிலாந்திலும் இதே குழப்பம் நேர்ந்தது. முதியோர் காப்பகப் பணியாளர்க்கு 2021 நவம்பர் 11 முதல் ஊசி கட்டாயமாயிற்று, போடாதவர் வெளியேற்றப்பட்டனர். மருத்துவமனைப் பணியாளர்க்கும் அதனை விரிக்கப் போவதாக அறிவித்த அரசு, 2022 மார்ச்சு 15-இல் அவ்விதியையே நீக்கிவிட்டது. நான்கு திங்களில் விதி மாறிற்று. அதற்குள் வேலையிழந்தவர் வாழ்க்கை மாறியது மாறியதே.

இந்நாட்டில் நடந்தது

இந்தியாவில் தொற்றுக் காலத்துக் கட்டளைகள் இரண்டு வகையாய் இருந்தன. ஊரடங்கில் வேலை நின்ற நாள்களுக்கும் ஊதியத்தைக் குறையாது தர வேண்டும் என்று 2020 மார்ச்சு 29-இல் நடுவணரசு ஆணையிட்டது. முதலாளியர் வழக்குமன்றம் ஏறினர். மே 17-இல் அவ்வாணை மறைந்தது. முதலாளியின் மேல் வைத்த சுமை இரண்டு திங்களும் தாங்கவில்லை. அவ்வாண்டு மே முதல் நாளிலேயே, பணியாளர் ஒவ்வொருவரும் நோய்த்தடம் காட்டும் செயலியைக் கைப்பேசியில் வைத்திருத்தல் வேண்டும், அதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு என்று மற்றோர் ஆணை பிறந்தது. மே முதல் நாள் உழைப்பாளர் நாள் என்பது ஆணையிட்டோர்க்கு நினைவிருந்ததோ, இல்லையோ! பின்னர் அதுவும் தளர்த்தப்பெற்றது.

2021-இல் ஊசி வந்தது. அது விருப்பத்திற்குரியதே என்று நடுவணரசு திரும்பத் திரும்பக் கூறிற்று. ஆனால் மாநிலங்களும் மாவட்டங்களும் நிறுவனங்களும் வேறு பாட்டைப் பாடின. மேகாலயத்தில் கடைக்காரரும் வாடகை வண்டி ஓட்டுநரும் ஊசி போட்டாலன்றித் தொழில் செய்யலாகாது என்று மாவட்ட ஆட்சியர்கள் ஆணையிட்டனர். வலுக்கட்டாயமாய் ஊசி போடச் செய்வது பிழைப்புரிமையைத் தாக்குவது என்று அம்மாநில உயர்நயன்மன்றம் 2021 சூனில் அதனைத் தடுத்தது. தமிழ்நாட்டிலோ, 1939-ஆம் ஆண்டுப் பொது நலவாழ்வுச் சட்டத்தின்கீழ், பொது இடங்களில் நுழைவார் ஊசி போட்டிருத்தல் வேண்டும் என்று 2021 நவம்பரில் ஆணை வந்தது. அதற்கடுத்த திங்களில் புதுச்சேரியும் ஊசியைக் கட்டாயமாக்கியது.

இவ்வழக்கு உச்சநயன்மன்றத்துக்குச் சென்றது. மருத்துவர் சேக்கப்பு புளியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2-ஆம் நாள் வந்த தீர்ப்பு இத்துறையில் ஒரு மைல்கல். ஒருவன் உடலின்மேல் அவனுக்குள்ள உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உரிமை. ஒருவனையும் ஊசி போட்டுக்கொள்ளுமாறு வலுக்கட்டாயம் செய்யலாகாது என்று மன்றம் உரைத்தது. அதேபொழுது, பொதுநலம் கருதி அரசு சில வரையறைகளை விதிக்கலாம். ஆனால் அவ்வரையறை சட்டத்தின் வழிப்பட்டதாயும், முறையான நோக்கம் உடையதாயும், நோக்கத்துக்கு அளவொத்ததாயும் இருத்தல் வேண்டும் என்றும் கூறியது. ஊசி போடாதவனிடமிருந்து பரவும் தொற்று, போட்டவனிடமிருந்து பரவும் தொற்றைவிட மிகுதி என்பதற்கு அரசுகள் தக்க சான்று எதனையும் மன்றத்தின்முன் வைக்கவில்லை. ஆகலின், நோய் குறைந்திருக்கும் வரை அத்தகைய தடைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்றும், தனியார் நிறுவனங்களும் தம் கட்டளைகளை மீளாய்வு செய்ய வேண்டும் என்றும் மன்றம் கருத்துரைத்தது. தமிழ்நாட்டரசு தன் ஆணைக்குச் சார்பாக அம்மன்றத்தில் வழக்காடியது என்பதை வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது.

பொறுப்பார் எவர்?

இத்துணையினும் பெரிய முறைகேடு ஒன்றுண்டு. ஊசிக்குப் பின் தம் மகளிர் இருவர் மாண்டனர் என்று பெற்றோர் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில் நடுவணரசு ஓர் உறுதியாவணம் அளித்தது. ஊசி போட்டுக்கொள்வது சட்டப்படி கட்டாயம் இல்லை; விருப்பப்படி போட்டுக்கொண்ட ஊசியால் நேர்ந்ததற்கு அரசு ஈடு தரக் கடன்பட்டதன்று; வேண்டுமானால் உரிமையியல் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

இதனை ஆலை வாயிலில் நின்றவனோடு பொருத்திப் பார்க்க வேண்டும். வாயிலில் அவனுக்குச் சொல்லப்பட்டது: ‘போட்டாலன்றி வேலை இல்லை.’ கேடு நேர்ந்தபின் அவனுக்குச் சொல்லப்படுவது: ‘நீயாக விரும்பிப் போட்டாய்.’ கட்டாயப்படுத்திய முதலாளி, அரசு சொல்லிற்று என்பான். அரசோ, யாம் கட்டாயப்படுத்தவில்லை என்னும். ஊசி செய்த நிறுவனம், அரசு ஒப்புதல் தந்தது என்னும். மூவரும் ஒருவரை ஒருவர் சுட்ட, நடுவில் அவன் மட்டும் தன் உடலோடு தனித்து நிற்பான். அதிகாரம் இருக்குமிடத்தில் பொறுப்பு இல்லை. பொறுப்புக் கேட்குமிடத்தில் அதிகாரம் இல்லை. குடியாட்சியில் இதனினும் பெரிய கோணல் ஒன்றிருத்தல் இயலாது.

ஊசியால் கடுங்கேடு நேர்வது மிக அரிது என்பது உண்மை. அரிதாய் நேர்வதாயின், அதற்கு ஈடு தருவதும் அரசுக்குப் பெருஞ்செலவன்று என்பதும் உண்மையே. பிரித்தானியா 1979-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றி, ஊசியால் கடுமையாக ஊனமுற்றவர்க்கு அரசே ஒரு தொகை தரும் முறையை ஏற்படுத்தியது. 2020 திசம்பரில் கொரோனா ஊசியையும் அதனுள் சேர்த்தது. ஆயிரவர் நலத்துக்காக ஒருவன் இடரை ஏற்றால், அவ்வொருவனை ஆயிரவரும் தாங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ‘ஊசி இடரற்றது’ என்று உறுதி கூறுபவர், இழப்பீட்டு ஆவணத்தில் கையெழுத்திட ஏன் தயங்க வேண்டும்? அத்தயக்கமே மக்களின் ஐயத்துக்கு உரமிடுகின்றது.

அறியாத மொழியில் இசைவு இல்லை

இசைவு என்பது தலையசைப்பன்று, அறிந்தபின் எழுவது. அறிவதோ, தெரிந்த மொழியால்தான் இயலும். 2021-இல் ஊசிக்குப் பெயர் பதியும் இணையத்தளம் பல திங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தது. சிற்றூர் மக்கள் என் செய்வர் என்று உச்சநயன்மன்றமே வினவியபின், அவ்வாண்டு சூன் முதற் கிழமையில் இந்தியும் வேறு பல மொழிகளும் சேர்க்கப்பட்டன. அம்முதற் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுப்பியபின்னரே தமிழ் இடம்பெற்றது. பல கோடி மக்கள் பேசும் மொழி, அவர்கள் உடலுக்குள் செல்லும் மருந்தைப் பற்றிய அறிவிப்பில் முதலில் இடம்பெறத் தகுதியற்றதாயிற்று!

இது வெறும் மொழிப்பற்றால் எழும் குறையன்று; மருத்துவ முறையால் எழும் குறை. ஒவ்வாமை உள்ளவர் எவர், கருவுற்றோர் செய்ய வேண்டியது என்ன, ஊசிக்குப் பின் நெஞ்சுவலி வந்தால் எங்குச் செல்வது என்பனவற்றைத் தன் மொழியில் படித்தறியாத உழைப்பாளி, எதற்கு இசைந்தான் என்று எவரால் சொல்ல முடியும்? அறியாத மொழியில் அச்சிட்ட தாளில் இட்ட கைந்நாட்டு, இசைவுக்குச் சான்றன்று, பணிவுக்கே சான்று. அறிவு சென்று சேராத இடத்தில் பொய்ச்செய்தி சென்று சேரும். பொய்ச்செய்தியோ மக்களின் மொழியைத் தவறாமல் பேசும்! கட்டாயத்தில் செலவிட்ட ஆற்றலில் ஒரு பங்கைத் தமிழில் விளக்குவதற்குச் செலவிட்டிருந்தால், கட்டாயத்துக்கே தேவை குறைந்திருக்கும்.

மறுப்புக்கு விடை

‘தன் உடல் தன் உரிமை என்பவன், பக்கத்தில் நின்று உழைப்பவனுக்கு நோய் தர உரிமை உடையவனோ?’ என்று கேட்கப்படும். வலுவான கேள்வி இது, விடையிறுக்கத் தக்கது. அவ்வுரிமை எவனுக்கும் இல்லை. பிறந்த குழந்தைகளிருக்கும் கூடத்தில் பணி செய்யும் செவிலியும், புற்றுநோய் மருத்துவமனையில் உணவு பரிமாறுவோனும், தம் விருப்பம் ஒன்றையே பேசிக்கொண்டிருத்தல் ஆகாது. அங்குக் கட்டாயம் முறையானது. அங்கும், ஊசியை ஏற்க இயலாதவர்க்கு வேறு பணி தந்து, ஊதியம் குறையாது காத்தல் வேண்டும்.

ஆனால், தொற்றைத் தடுக்க ஊசி ஒன்றே வழியன்று. காற்றின் வழிப் பரவும் நோய்க்குக் காற்றோட்டம் முதல் மருந்து. 2021-இல் நடைமுறையிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 13-ஆம் பிரிவில் காற்றோட்டத்தையும், 16-ஆம் பிரிவில் ஆள் ஒன்றுக்கு 14.2 கன மீட்டர் இடத்தையும் முதலாளியின் கடமையாக வைத்திருந்தது. வாயிலில் சான்றிதழ் கேட்டவருள் எத்துணைப் பேர் தம் ஆலைக்குள் இவ்வளவையை அளந்து பார்த்தனர்? சாளரம் திறக்கப் பணம் செலவாகும். ஆளுக்கு ஆள் இடம் விடப் பணம் செலவாகும். நோயுற்றவனுக்கு ஊதியத்தோடு விடுப்புத் தரப் பணம் செலவாகும். சான்றிதழ் கேட்க ஒரு காசும் செலவாகாது. எனவே, செலவில்லாத கடமை உழைப்பாளன் மேல் ஏற்றப்பட்டது. செலவுள்ள கடமை மறக்கப்பட்டது. காய்ச்சலோடு வேலைக்கு வருபவன் விரும்பி வருவதில்லை; ஒருநாள் கூலி போனால் உலை ஏறாது என்பதனால் வருகின்றான். அவனுக்கு ஊதிய விடுப்புத் தருதல், உடனுழைப்போர் அனைவர்க்கும் இடும் காப்பாகும்.

வேண்டுவன

அடுத்த கொள்ளைநோய் எந்நாளில் வரும் என்று எவரும் அறியார். வராது என்று சொல்வாரும் இலர். வருமுன் சட்டமாக்கிக்கொள்ள வேண்டியவை இவை:

ஒன்று: பணியிடத்தில் மருத்துவக் கட்டாயம் விதிக்கும் அதிகாரம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்துக்கு மட்டுமே இருத்தல் வேண்டும். முதலாளியின் சுற்றறிக்கைக்கோ அதிகாரி ஒருவரின் வாய்மொழிக்கோ அவ்வதிகாரம் கூடாது.

இரண்டு: நோயின் கடுமை, ஊசி தொற்றைத் தடுக்கும் அளவு, பணியின் தன்மை ஆகிய மூன்றையும் சான்றோடு வெளியிட்ட பின்னரே கட்டாயம் வருதல் வேண்டும். சான்று மாறினால் கட்டாயமும் மாறுதல் வேண்டும். அதற்கு முடிவு நாள் ஒன்று முதலிலேயே குறிக்கப்பெறல் வேண்டும்.

மூன்று: காற்றோட்டம், இடைவெளி, ஊதிய விடுப்பு, முதலாளி செலவில் தொற்றாய்வு ஆகிய எளிய வழிகளைச் செய்து முடிக்காத நிறுவனம் ஊசியைக் கேட்கும் தகுதி உடையதாகாது.

நான்கு: ஊசி போடாமை ஒன்றையே கரணியமாக்கி எவரையும் பணிநீக்கம் செய்தல் கூடாது. மாற்றுப் பணி தருதல் வேண்டும். இயலாதாயின், ஊதியம் குறையாத விடுப்புத் தருதல் வேண்டும்.

ஐந்து: எவர் கட்டாயப்படுத்துகின்றாரோ அவரே கேட்டுக்குப் பொறுப்பாளர். கட்டாயம் உண்டெனில் இழப்பீடும் உண்டு. இழப்பீடு இல்லையெனில் கட்டாயமும் இல்லை.

ஆறு: தமிழ்நாட்டில் ஊசி, மருந்து, ஆய்வு பற்றிய அறிவிப்பும் இசைவுப் படிவமும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழில் விளக்கப்படாத இசைவு, இசைவாகக் கொள்ளப்படுதல் கூடாது.

இவற்றுள் ஒன்றும் நோய்க்குத் துணை போவதன்று. இவை யாவும் ஊசிக்கே துணை செய்வன. பெரியம்மையை இவ்வுலகினின்று ஓட்டியவர்களுள், தெருத்தெருவாகச் சென்று, திண்ணையில் அமர்ந்து, தாய்மாரோடு அவர்தம் மொழியில் பேசி, தம் கையை முதலில் காட்டி நம்பிக்கை பெற்ற எளிய ஊழியர் எண்ணற்றோர். மருத்துவம் உழைப்பாளன் வீட்டு வாயிலுக்கு அவ்வாறு சென்றால், அவன் கையை நீட்டுவான். ஆலை வாயிலில் நின்று அவன் வயிற்றைக் காட்டி அச்சுறுத்தினால், அவன் நீட்டும் கை, நம்பி நீட்டிய கையாகாது. நம்பாது நீட்டிய கை, அடுத்த முறை ஓங்கவும் கூடும். அதனை அரசுகளும் முதலாளியரும் மறவாதிருத்தல் நன்று.